டெஸ்டரில் இஎல் 84 பச்சை, செட்டில் பிளேட் சிவப்பு: அவோ சிடி 160-ஐ எந்த அளவுக்கு நம்பலாம்?

சேர்வராயன்மலை (ஏற்காடு)

வணக்கம்ங்க. காபி எஸ்டேட் பங்களா ஒன்றின் பழைய வால்வு ரேடியோ, ஏசி மெயின்ஸில் ஓடுகிற செட், பெஞ்சில் இருக்குதுங்க. வால்வுகள்: இசிஎச் 81 (அலைவரிசை மாற்றி), இஎஃப் 89 (ஐ.எஃப். ஆம்ப்ளிஃபையர்), இபிசி 81 (டிடெக்டர், முதல் ஆடியோ), இஎல் 84 (ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட்), இஇசட் 80 (ரெக்டிஃபையர்), நிலையம் பிடிபட்டதைக் காட்டும் மேஜிக் ஐ இஎம் 80. சோதிக்க இரண்டு கருவி இருக்கு. ஒன்று ராணுவ உபரியில் வந்த அவோ சிடி 160 வால்வு டெஸ்டர், பெட்டி மாதிரி மூடுகிற மாடல். இன்னொன்று நல்லது, சந்தேகம், கெட்டது என்று மூன்று பட்டை மட்டும் போட்ட சின்ன எமிஷன் டெஸ்டர். சிடி 160-க்கான வால்வு டேட்டா புத்தகம் கையில் இல்லை.

பிரச்சினை இதுதான். இஎல் 84-ஐ அவோவில் போட்டால் ஸ்லோப் (கிரிட் ஒரு வோல்ட் மாறினால் ஆனோடு கரண்ட் எவ்வளவு மாறும் என்பது) வோல்ட்டுக்கு 10.2 மில்லி ஆம்ப் காட்டுது, முள் பச்சைப் பட்டையில் நிற்குது. அதே வால்வு செட்டில் இருபது நிமிஷம் நல்லாப் பாடிவிட்டு அப்புறம் குரல் உடையுது. விளக்கை அணைத்துப் பார்த்தால் பிளேட்டில் (ஆனோடில்) மங்கலான சிவப்புத் தெரியுது.

அதே வால்வு மத்தியானம் 10.2, சாயங்காலம் ஏழு மணிக்கு 8.4. மூட்டம் இறங்கிய காலையில் எந்த வால்வைப் போட்டாலும் இன்சுலேஷன் சோதனையில் முள் அசையுது. இசிஎச் 81 இரண்டு பாதியும் நல்லது என்று காட்டுது, திருச்சி 936 கிலோ ஹெர்ட்ஸும் தெளிவாக வருது. ஆனால் ஷார்ட் வேவில் டயலின் குறைந்த அலைவரிசை முனைக்குப் போனால் சத்தமே இல்லை. சின்ன டெஸ்டரோ எல்லா வால்வும் நல்லது என்று சொல்லிவிட்டது.

டேட்டா புத்தகம் இல்லாமல் ரோலர் ஸ்விட்ச் நம்பரை எப்படி வைப்பது? எதை நம்பி எதை மாற்றுவதுங்க?

---

மீட்டர்முள்

நண்பரே, வால்வைப் பற்றிப் பேசும் முன் டெஸ்டரைச் சரிபார்க்க வேண்டும். நீங்கள் சொன்னதில் இரண்டு குறை வால்வில் இல்லவே இல்லை.

முதலில் நம்பர். அவோவின் ஒன்பது ரோலரும் சாக்கெட்டின் 1 முதல் 9 வரையுள்ள பின்களுக்கு வரிசையாகச் சேர்ந்தவை. ரோலரில் வைக்கும் இலக்கம் அந்தப் பின்னுக்கு என்ன போகிறது என்பதைச் சொல்கிறது: 0 இணைப்பு இல்லை, 1 கேத்தோடு (எலக்ட்ரானைக் கொடுப்பது), 2 ஹீட்டர் மைனஸ், 3 ஹீட்டர் பிளஸ், 4 கிரிட் (கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி), 5 ஸ்கிரீன் (இரண்டாவது கிரிட்), 6 ஆனோடு (எலக்ட்ரானை வாங்கும் பிளேட்), 7 இரண்டாவது ஆனோடு, 8-ம் 9-ம் டயோடுகள். இது தெரிந்தால் எந்த வால்வின் பின் வரைபடத்திலிருந்தும் நம்பரை நாமே எழுதிவிடலாம். இஎல் 84-இல் பின் 2 கிரிட், 3 கேத்தோடு, 4-ம் 5-ம் ஹீட்டர், 7 ஆனோடு, 9 ஸ்கிரீன். 1, 6, 8 மூன்றும் உள்ளே வேறு எதற்காவது கட்டியிருக்கலாம், அதனால் அவற்றைத் தொடக் கூடாது. ஆக 041 230 605. இஇசட் 80-இல் 1-ம் 7-ம் ஆனோடு, 3 கேத்தோடு, 4-ம் 5-ம் ஹீட்டர். அது 801 230 900. நம்பரை எழுதியதும் ஹீட்டர் இலக்கங்கள் சரியான பின்னில் விழுந்திருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். ஒரு ரோலர் தவறினாலும் 250 வோல்ட் கிரிட்டுக்குப் போகலாம், போனால் வால்வு அந்த இடத்திலேயே தீர்ந்தது.

அடுத்து இன்சுலேஷன். சாக்கெட் காலியாக இருக்கட்டும். 041 230 605 வைத்து இன்சுலேஷன் நிலைகளை ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். முள் அசையவே கூடாது. அசைந்தால் அந்த லீக் டெஸ்டருக்குள் இருக்கிறது: ரோலர்களுக்கு நடுவில், சாக்கெட் பின்களைச் சுற்றி, பழைய அழுக்கின் மேல் படிந்த ஈரம். 1500 மீட்டர் உயரத்தில் மூட்டம் ஜன்னல் வழியாகவே உள்ளே வருகிற ஊரில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். அழுக்கு மட்டும் இருந்தால் காய்ந்த மத்தியானத்தில் லீக் மறைந்துவிடும், ஈரம் சேர்ந்ததும் வெளியே வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷ்ஷும் கொண்டு சாக்கெட்டையும் ரோலர் ஓரங்களையும் துடையுங்கள். துரு விடுவிக்கிற எண்ணெய் ஸ்பிரே அடிக்கவே வேண்டாம். அந்த எண்ணெய்ப் படலம் தூசியை இழுத்து வைத்துக்கொண்டு, அடுத்த மழைக்காலத்தில் இதைவிட மோசமான லீக் கொடுக்கும். பிறகு மூடியைத் திறந்து வைத்து, ஒரு 40 வாட் குண்டு பல்பை ஒரு சாண் தள்ளி எரியவிட்டு இரண்டு மணி நேரம் காயவிடுங்கள். மூடி வைக்கும்போது உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்று இருக்கட்டும்.

8.4-க்கும் 10.2-க்கும் காரணம் வீட்டுக்கு வரும் லைன் வோல்ட். சிடி 160-இல் எதுவும் ரெகுலேட் செய்யப்படவில்லை. ஹீட்டர், ஆனோடு, ஸ்கிரீன், கிரிட் பயாஸ் (கிரிட்டுக்குக் கொடுக்கும் மைனஸ் வோல்ட்) எல்லாம் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நேராக வருகின்றன. சாயங்காலம் லைன் இறங்கினால் நான்கும் சேர்ந்து இறங்கும். அதற்காகத்தான் டெஸ்டரின் ‘செட்’ (SET) நிலையில் மெயின்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் வைத்திருக்கிறார்கள். பலர் வால்வு போடுவதற்கு முன் ஒரு முறை முள்ளைக் குறியில் நிறுத்திவிட்டு அத்தோடு மறந்துவிடுகிறார்கள். இஎல் 84-இன் ஹீட்டர் 0.76 ஆம்ப் இழுக்கிறது, அந்த லோடிலேயே கொஞ்சம் இறங்கும். ஆகவே வால்வைச் செருகி, ஹீட்டர் கொடுத்து, மூன்று நிமிஷம் கழித்து மறுபடி ‘செட்’ பார்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். அளந்து முடித்ததும் இன்னொரு முறை பாருங்கள். முள் நகர்ந்திருந்தால் அந்த அளவு செல்லாது. டிக் டிக் என்று ரிலே தட்டுகிற வீட்டு ஸ்டெபிலைசரை முன்னால் போடாதீர்கள். அது படிப்படியாகத் தாவும், அளந்துகொண்டிருக்கும்போதே தாவும். வேரியாக் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) போட்டுக் கையால் 230-இல் பிடிப்பது நல்லது.

கடைசியாக, டெஸ்டர் சொல்லும் வோல்ட் உண்மையா என்று பார்க்க இரண்டு அளவு. அவோவில் ஆனோடுக்குப் போவது டிசி இல்லை, ஏசி. குறித்த எண்ணின் 1.1 மடங்கு ஆர்எம்எஸ் (ஏசி ரேஞ்சில் மீட்டர் காட்டும் அளவு) இருக்க வேண்டும். 250-இல் வைத்தால், காலி சாக்கெட்டில் ஆனோடு பின்னுக்கும் கேத்தோடு பின்னுக்கும் நடுவில் மல்டிமீட்டர் ஏசி ரேஞ்சில் 275 வோல்ட். கிரிட் பயாஸ் அரை அலையாக ரெக்டிஃபை ஆனது. டிசி ரேஞ்சில் குறித்த எண்ணின் 0.52 மடங்கு காட்ட வேண்டும். 40 வோல்ட் வைத்தால் 20.8. இதுதான் மிக முக்கியமான அளவு. 20.8-க்குப் பதில் 19 வந்தால், நீங்கள் 7.3 என்று வைத்த பயாஸ் உண்மையில் 6.7-க்குப் பக்கம். இஎல் 84-இல் அந்த 0.6 வோல்ட் 7 மில்லி ஆம்பைக் கூட்டிக் காட்டிவிடும். தேய்ந்த வால்வுகூட வாலிபமாகத் தெரியும். சாக்கெட்டில் 275 வோல்ட் இருக்கும்போது ஒரு கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் கம்பிகளைக் கரண்டை அணைத்துவிட்டுச் செருகிப் பிறகு போடுங்கள்.

---

சூரமங்கலம் ஒர்க்பெஞ்ச்

மீட்டர்முள் சார் சொன்னதை முடித்துவிட்டு இஎல் 84-க்கு வாங்க. பிளேட் சிவக்கிறதுன்னா கரண்ட் அளவுக்கு மேலே போகுதுன்னு அர்த்தம். இரண்டே காரணம்தான் பெரும்பாலும்: முன்னாடி இருக்கிற கப்ளிங் கண்டன்சர் (முந்தின ஸ்டேஜிலிருந்து ஒலியைக் கிரிட்டுக்குக் கொண்டு வருவது) லீக், அல்லது வால்வுக்குள்ளே கேஸ் (மிச்சமிருக்கிற வாயு) அல்லது கிரிட் எமிஷன் (கிரிட்டிலிருந்தே எலக்ட்ரான் கிளம்புவது). இரண்டிலும் கிரிட் பிளஸ் பக்கம் நகரும். டெஸ்டர் இதைப் பிடிக்காமல் விட்டதற்குக் காரணம் இருக்கு.

வால்வு டேட்டாப்படி இஎல் 84: ஆனோடு 250, ஸ்கிரீன் 250, கிரிட் மைனஸ் 7.3, ஆனோடு கரண்ட் 48 மில்லி ஆம்ப், ஸ்கிரீன் 5.5, ஸ்லோப் 11.3. அதாவது 250 × 0.048 = 12 வாட், வால்வோட உச்ச வரம்பிலேயே ஓடுது. ஆனால் அவோவில் வால்வு அரை சைக்கிள்தான் கடத்தும். மீட்டர் 48 காட்டும்போது உள்ளே ஓடுகிற சராசரி 24 தான். செட்டில் ஏறுகிற சூடு டெஸ்டரில் ஏறாது. கிரிட் கம்பி அந்தச் சூட்டுக்கு வந்த பிறகுதான் அதிலிருந்து எலக்ட்ரான் கிளம்பும், உலோகத்தில் ஒட்டியிருக்கிற வாயுவும் வெளியே வரும். இரண்டு நிமிஷ சோதனையில் அது தெரிய வாய்ப்பில்லைங்க.

இன்னொன்று, டெஸ்டர் கிரிட்டுக்குக் கொடுக்கிற வழியில் ரெசிஸ்டன்ஸ் குறைவு. செட்டில் கிரிட் லீக் (கிரிட்டைச் சேஸிஸோடு, அதாவது உலோகச் சட்டத்தோடு, இணைக்கிற ரெசிஸ்டர்) 680 கிலோ ஓம், சிலதில் 1 மெகா ஓம். 5 மைக்ரோ ஆம்ப் கிரிட் கரண்ட் 680 கிலோ ஓம் வழியாப் போனால் 3.4 வோல்ட். டெஸ்டரில் அதே 5 மைக்ரோ ஆம்ப் பயாஸை அசைக்கக்கூட முடியாது. அதனால்தான் ஒரே வால்வு அங்கே பச்சை, இங்கே சிவப்பு.

செட்டிலேயே பாருங்க. பின் 3-இல் கேத்தோடு வோல்ட், பின் 2-இல் கிரிட் வோல்ட், இரண்டும் சேஸிஸுக்கு டிசி. 10 மெகா ஓம் இன்புட் உள்ள டிஜிட்டல் மீட்டர் வேணும். பழைய முள் மீட்டர் கிரிட் வோல்ட்டை அமுக்கிப் பொய் சொல்லும். போட்டதும் ஒரு தடவை, 10 நிமிஷத்தில், 20 நிமிஷத்தில் எழுதிக்குங்க. சிவப்புத் தெரிகிற நேரத்தில் இஎல் 84-ஐ மட்டும் துணி பிடிச்சு உருவிட்டு, கிரிட் பின்னில் மறுபடி அளங்க. வால்வு இல்லாமலும் பிளஸ் நின்னா கண்டன்சர். வால்வோட போயிட்டா வால்வு. லோடு இல்லாததால் எச்.டி. (ஆனோடுகளுக்குப் போகிற உயர் டிசி) வோல்ட் ஏறும், அளந்ததும் உடனே அணைச்சிருங்க, நின்னு பார்க்க வேண்டாம். கரண்ட் நிறுத்தி கேத்தோடு ரெசிஸ்டரையும் கிரிட் லீக்கையும் ஓம்ஸில் பாருங்க. பழைய கார்பன் ரெசிஸ்டர் வருஷக்கணக்கில் மதிப்பு ஏறிப்போயிருக்கும். கிரிட் லீக் ஏற ஏற இந்த நோய் கூடும்.

---

சேர்வராயன்மலை

இரண்டு பேருக்கும் நன்றிங்க. காலி சாக்கெட்டிலேயே முள் அசைந்தது. துடைத்துக் காயவிட்ட பிறகு நின்றுவிட்டது. ஆனோடு 275-க்கு 273, கிரிட் 20.8-க்கு 20.6. வேரியாக்கில் 230 பிடித்து அளந்தால் காலையும் மாலையும் இஎல் 84 அதே 10.1.

செட்டில் அளந்தது: கேத்தோடு ரெசிஸ்டர் 150 ஓம் சரியாக இருக்கு. கிரிட் லீக் 680 கிலோ ஓம் என்று போட்டது 690. தொடக்கத்தில் கேத்தோடு 7.0, கிரிட் 0. பத்து நிமிஷத்தில் 7.9, 1.3. இருபதில் 9.5, 3.8. வால்வை உருவியதும் கிரிட் 0.2. ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் நடுவில் 230 வோல்ட்.

---

சூரமங்கலம் ஒர்க்பெஞ்ச்

இதைவிடத் தெளிவா வேணாம். 7.0-ஐ 150-ஆல் வகுத்தால் 47 மில்லி ஆம்ப், அதில் ஸ்கிரீன் போக ஆனோடுக்கு 41 சொச்சம். நல்ல நிலை. 9.5-இல் மொத்தம் 63, ஸ்கிரீனுக்கு 8 கழிச்சா ஆனோடு 55. 230 × 0.055 = 12.6 வாட், வரம்பைத் தாண்டியாச்சு. சூடு கூட, கிரிட் கரண்ட் கூட, மறுபடி சூடு கூட என்று சுழன்றுகிட்டே போகும். கேத்தோடு ரெசிஸ்டர் இருப்பதால்தான் இந்த அளவோட நிற்குது. ஃபிக்சட் பயாஸ் (கிரிட்டுக்குத் தனியாக மைனஸ் வோல்ட் கொடுக்கிற) செட்டாக இருந்தா இந்நேரம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போயிருக்கும். வால்வு டேட்டாவே செல்ஃப் பயாஸுக்கு (கேத்தோடு ரெசிஸ்டர் முறை) 1 மெகா ஓம் வரை, ஃபிக்சட் பயாஸுக்கு 300 கிலோ ஓம்தான் என்று பிரிச்சு வெச்சிருப்பது இதனால்தான்.

3.8-இல் 3.6 வால்வோடது, 0.2 கண்டன்சரோடது. 3.6-ஐ 690 கிலோ ஓமால் வகுத்தால் 5 மைக்ரோ ஆம்புக்கு மேலே. இந்த வால்வு அவுட்புட்டுக்கு ஆகாதுங்க. கிரிட் லீக்கை 220 கிலோ ஓமாக் குறைச்சா கொஞ்ச நாள் ஓட்டலாம், ஆனால் முந்தின ஸ்டேஜின் கெயின் கொஞ்சம் குறையும், வால்வும் குணமாகிடாது. கண்டன்சரையும் விடாதீங்க. 0.2 சின்னதுதான், ஆனால் மெழுகு பூசின பேப்பர் கண்டன்சர் கேபினட் சூட்டில் இன்னும் லீக் ஆகும். 0.01 மைக்ரோ ஃபாரட், 630 வோல்ட் பாலியெஸ்டர் போடுங்க. கேத்தோடு ரெசிஸ்டருக்கு இணையாக இருக்கிற பைபாஸ் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரையும் கையோடு மாற்றிருங்க, 47 மைக்ரோ ஃபாரட் 25 வோல்ட்.

புதுசா வாங்கிற வால்வை டெஸ்டரில் பதினைந்து இருபது நிமிஷம் ஓடவிட்டு, பிறகு கேஸ் (கிரிட் கரண்ட்) நிலையில் பாருங்க. 1 மைக்ரோ ஆம்பைத் தாண்டினால் ரேடியோ அவுட்புட்டுக்கு எடுக்காதீங்க. கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒட்டினாப்ல நீல ஒளி தெரிஞ்சா பயப்பட வேண்டாம், நல்ல வால்விலும் அது வரும். எலெக்ட்ரோடுகளுக்கு நடுவில் ஊதாவோ இளஞ்சிவப்போ மூட்டமாத் தெரிஞ்சா அது கேஸ். உச்சியில் இருக்கிற வெள்ளி மாதிரி கெட்டர் (வாயுவை உறிஞ்சுகிற பூச்சு) பால் வெள்ளையா மாறியிருந்தா காற்றே உள்ளே போயிருச்சு, அதை டெஸ்டரில் ஏற்றவே கூடாது.

---

அலைவரிசை 49

இசிஎச் 81 பற்றி யாரும் சொல்லவில்லை, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அதன் இரண்டு பாதி ஹெப்டோடு, டிரயோடு. டெஸ்டர் ஹெப்டோடைத் தனியாகவும் டிரயோடைத் தனியாகவும், 50 ஹெர்ட்ஸில் அளக்கிறது. செட்டில் டிரயோடின் வேலை ஆசிலேட்டராக ஓடுவது, அதாவது செட்டுக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்குவது. அது ஓடுகிறதா, எந்த பலத்தில் ஓடுகிறது என்பதை எந்தப் பழைய டெஸ்டரும் காட்டாது. செட்டில் அளப்பது ஒன்றுதான் வழி.

டிரயோடு கிரிட்டிலிருந்து கேத்தோடுக்குப் போகும் ரெசிஸ்டரைத் தேடுங்கள். பெரும்பாலும் 47 கிலோ ஓம். டேட்டாவில் அந்தக் கிரிட் கரண்ட் 200 மைக்ரோ ஆம்ப், அதாவது ரெசிஸ்டர் மேல் 9.4 வோல்ட், கிரிட் பக்கம் மைனஸ். மீட்டர் கம்பியை நேராக வைத்தால் கம்பியின் கொள்ளளவே ஆசிலேட்டரை நிறுத்திவிடும். ஆகவே புரோப் நுனியில் 1 மெகா ஓம் ஒன்றைப் பற்றவைத்து, அதன் மறுமுனையால் கிரிட்டைத் தொடுங்கள். 10 மெகா ஓம் மீட்டரில் இதனால் பதினொன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும், 9.4 இருந்தால் 8.5. டயலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகச் சுழற்றிக்கொண்டே பாருங்கள். மீடியம் வேவில் எட்டு ஒன்பது, ஷார்ட் வேவின் குறைந்த முனையில் இரண்டு மூன்று என்று விழுந்து பூஜ்யமானால் ஆசிலேட்டர் அங்கே சாகிறது. அந்த முனையில் கேங் கண்டன்சர் (டயல் சுழற்றும் டியூனிங் கண்டன்சர்) முழுக்க மூடியிருக்கும், காயிலின் உதவி குறைவு, வால்வின் ஸ்லோப் அங்கேதான் முழுசாகத் தேவைப்படும்.

ஆனால் வால்வை உடனே குறை சொல்லவும் கூடாது. பேண்ட் ஸ்விட்ச் கான்டாக்ட், டிரயோடு ஆனோடுக்கு எச்.டி. கொண்டு வரும் ரெசிஸ்டர், கிரிட்டுக்குப் போகும் 47 அல்லது 50 பிகோ ஃபாரட் மைக்கா, இவையும் அதே அறிகுறியைத்தான் கொடுக்கும். ஆனோடு ரெசிஸ்டர் 33 கிலோ ஓம் என்று போட்டது 60 ஆகியிருந்தால் எந்தப் புது வால்வும் அங்கே ஓடாது. முதலில் அதை அளந்துவிடுங்கள்.

வால்வுதானா என்று முடிவு கட்ட ஹீட்டரைக் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பது பழைய முறை, ஹிக்காக் டெஸ்டர்களில் ‘லைஃப்’ என்று போட்டிருப்பதும் அதேதான். 10 சதவீதம் போதும். இசிஎச் 81-க்கு ஹீட்டர் 0.3 ஆம்ப், 2.2 ஓம் 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஹீட்டர் பின்னுக்கு சீரிஸாக வைத்தால் 6.3 வோல்ட் 5.7-க்கு வரும். இஎல் 84-க்கு 0.82 ஓம் 2 வாட். இரண்டு நிமிஷம் விடுங்கள். கேத்தோடில் பூச்சு நன்றாக இருக்கும் வால்வில் ஆசிலேட்டர் வோல்ட் சின்னதாக அசையும். பூச்சு தீர்ந்ததில் சரிந்து விழும். தேய்ந்த கேத்தோடு முழுச் சூட்டில்தான் தாக்குப்பிடிக்கிறது என்பது அப்போது வெளிப்பட்டுவிடும்.

சின்ன டெஸ்டர் எல்லாவற்றையும் நல்லது என்று சொன்னதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். எமிஷன் டெஸ்டர் கிரிட்டுகள் அத்தனையையும் ஆனோடோடு சேர்த்துக் கட்டி, வால்வை ஒரு டயோடாக்கி, குறைந்த ஏசி கொடுத்து எவ்வளவு கரண்ட் வருகிறது என்று மட்டும் பார்க்கிறது. கிரிட் கம்பி உள்ளே அறுந்திருந்தாலும், கேஸ் இருந்தாலும், ஸ்லோப் பாதியாக இருந்தாலும் கரண்ட் வரும், முள் பச்சைக்குப் போகும். அது கெட்டது என்று சொன்னால் நம்புங்கள். நல்லது என்று சொன்னால் அது தொடக்கம் மட்டுமே. இஇசட் 80 மாதிரி ரெக்டிஃபையருக்கு அந்த டெஸ்டர் போதும், அங்கே எமிஷன்தான் எல்லாமே.

---

பழைய டயல் (ஆத்தூர்)

குறுக்கே ஒரு கேள்விங்க. யுசிஎச் 81, யுஎஃப் 89, யுபிசி 81, யுஎல் 84, யுஒய் 85 போட்ட ஏசி டிசி செட்டுக்கும் இதே மாதிரி வால்வை உருவி அளக்கலாமா?

---

அலைவரிசை 49

கூடாது. அதில் ஹீட்டர்கள் எல்லாம் 100 மில்லி ஆம்ப் ஒரே சங்கிலியில் தொடராக இருக்கின்றன. ஒன்றை உருவினால் ரெக்டிஃபையர் உட்பட அத்தனையும் அணையும். எச்.டி.யே இருக்காது, நீங்கள் அளக்கும் 0 எதையும் நிரூபிக்காது. கண்டன்சரைச் சந்தேகித்தால் அதன் கிரிட் பக்கக் காலைக் கழற்றிவிட்டு, வால்வைச் செருகிய நிலையிலேயே கிரிட் வோல்ட்டைப் பாருங்கள். கழற்றிய பிறகும் பிளஸ் ஏறினால் வால்வு.

சங்கிலியில் எதுவுமே எரியவில்லை என்றால் ஒவ்வொரு வால்வையும் வெளியே எடுத்து ஹீட்டர் பின்களை ஓம்ஸில் பாருங்கள். குளிர்ந்த ஹீட்டர் காட்டுவது சூடான கணக்கைவிட வெகு குறைவாக இருக்கும், அது குறையல்ல. இஎல் 84-இல் 6.3-ஐ 0.76-ஆல் வகுத்தால் 8.3 ஓம்; குளிரில் இரண்டு ஓமை ஒட்டித்தான் வரும்.

அவோவில் ஹீட்டர் கேத்தோடு இன்சுலேஷனை யு வரிசைக்குக் கூடுதல் கவனத்தோடு, ஹீட்டர் சூடான பிறகு பாருங்கள். ஏசி செட்டில் அந்த லீக் சிறு இரைச்சலோடு போய்விடும். தொடர் சங்கிலியில் மேல் பக்கம் இருக்கும் வால்வுகளின் ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் நடுவில் நூறு வோல்ட்டுக்கு மேல் ஏசி இருக்கும், லீக் நேராக ஹம்மாக வரும். யுபிசி 81-ஐச் சங்கிலியின் அடியில், சேஸிஸுக்குப் பக்கத்தில் வைப்பது அதனால்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த செட்டின் சேஸிஸ் நேரடியாக லைனில் இருக்கிறது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பின்பலகையைக் கழற்றாதீர்கள்.

---

மீட்டர்முள்

ஒன்று விட்டுப்போனது. இஎல் 84, இசிசி 88 மாதிரி ஸ்லோப் கூடிய வால்வுகள் டெஸ்டரின் நீள ஒயரிங்கில் தாங்களாகவே அதிக அலைவரிசையில் ஆசிலேட் ஆகும். அளக்கும்போது வால்வின் மேல் கையைக் கொண்டுபோனால் முள் தாவுகிறதா பாருங்கள். தாவினால் அந்த அளவு பொய். சாக்கெட்டின் கிரிட், ஆனோடு, ஸ்கிரீன் பின்களுக்குப் போகும் ஒயரில் பின்னை ஒட்டி ஒவ்வொரு ஃபெரைட் பீட் (சின்ன ஃபெரைட் மணி) கோர்த்தால் நின்றுவிடும். சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ கிடைக்கும், விலை அற்பம்.

இஎம் 80-க்கு டெஸ்டரில் நேரம் செலவழிக்காதீர்கள். மங்கலுக்குக் காரணம் பச்சைப் பூச்சு எரிந்து போனதா, திரைக்குப் போகும் எச்.டி. குறைவா என்பதுதான் கேள்வி. திரை பின்னில் வோல்ட் சரியாக இருந்தும் மங்கலானால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ரேடியோ கேட்க அது தடையும் இல்லை.

---

சேர்வராயன்மலை

ஆசிலேட்டர் அளவு: மீடியம் வேவ் முழுக்க 7.6-க்கும் 8.3-க்கும் நடுவில், ஷார்ட் வேவின் மேல் முனை 6, கீழ் முனை 1.8-இல் ஆடிக்கொண்டு அப்புறம் பூஜ்யம். டிரயோடு ஆனோடு ரெசிஸ்டர் 33 கிலோ ஓம் என்று போட்டது 71 கிலோ ஓம். 33 கிலோ ஓம் 2 வாட் புதுசு போட்டதும் கீழ் முனை 5.2-க்கு வந்து அங்கேயும் நிலையம் வருதுங்க. ஹீட்டரில் 2.2 ஓம் வைத்தால் 4.9. வால்வு அதேதான்.

அவுட்புட்டுக்கு இன்னொரு இஎல் 84, பெங்களூர் பெல் தயாரிப்பு, டெஸ்டரில் இருபது நிமிஷம் விட்டுப் பார்த்ததில் 9.6, கேஸ் முள் அசையவே இல்லை. கப்ளிங் கண்டன்சர், பைபாஸ் மாற்றியாச்சு. ஒரு மணி நேரம் கழித்தும் கேத்தோடு 6.8, கிரிட் 0.0. வால்வுக் கண்ணாடி மேலே பெயர் அச்சு மங்கலாக இருக்கு, ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? மீதி வால்வுகளை ஏற்காட்டு ஈரத்தில் எப்படி வைப்பதுங்க?

---

சூரமங்கலம் ஒர்க்பெஞ்ச்

6.8 நல்ல அளவு. 9.6-ம் 11.3-இல் 85 சதவீதம். 70-க்குக் கீழே போனால்தான் மாற்ற யோசிக்கணும்.

அச்சு மேல ஸ்பிரிட் படவே கூடாதுங்க, வெறும் விரலிலேயே அழியும். அழிஞ்சா அடுத்தவருக்கு அது என்ன வால்வுன்னே தெரியாது. பின்களை மட்டும் துடைங்க. கறுத்திருந்தா இங்க் அழிக்கிற ரப்பரால் லேசாத் தேய்ச்சு, வளைந்ததை நிமிர்த்துங்க. கண்ணாடியோடு சேருகிற இடத்தில் வளைச்சா விரிசல் விட்டுக் காற்று புகும், அதனால் பின்னோட நடுவில் பிடிச்சு நிமிர்த்தணும்.

கண்ணாடி வால்வுக்குள்ளே ஈரம் போகாது. கெடுவது பின்னும் சாக்கெட்டும்தான். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, மூடி இறுகின டப்பாவில் சிலிக்கா ஜெல்லோட நிமிர்த்தி வைங்க. காகிதத்து மேல பென்சிலில் வால்வு நம்பர், ஸ்லோப், ஆனோடு கரண்ட், இருபதாவது நிமிஷத்து கேஸ் அளவு, அளந்த தேதி எழுதிருங்க. அந்த முதல் இஎல் 84-ஐ வேற டப்பாவில் போட்டு "கிரிட் கரண்ட் 5 மைக்ரோ ஆம்ப், அவுட்புட்டுக்கு வேண்டாம்" என்று எழுதி வைங்க. இல்லேன்னா பச்சையைப் பார்த்துட்டு யாராவது மறுபடி ஏதாவது செட்டில் போட்டுருவாங்க.